மூக்கைத் தாண்டாத வாடை

எனக்கு ஒரு வியாதி உண்டு. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வரும், வந்தால் நிற்காது. துக்க வீட்டில் வந்திருக்கிறது, தேர்வு அறையில் வந்திருக்கிறது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மொத்தப் பேரும் காபி டம்ளரைப் போட்டுவிட்டுக் கருவேலங்காட்டுப் பக்கம் ஓடினார்களே, அப்போதும் வந்தது. அன்றைக்கு என் படிப்பும் கல்யாணமும் ஒரே முடிச்சில் மாட்டியிருந்தன. இரண்டில் ஒன்றைத்தான் அவிழ்க்கலாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அம்மாவும் அங்கேயேதான், திரி வைக்கிற வேலை. நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். எங்கள் தெருவில் ஒரே ஒரு செல்போன் இருந்தது. அதில் மிஸ்டு கால் மட்டும்தான் வரும்.

காலையில் பஸ்ஸில் போகும்போது நான் சாதாரணப் பெண். சாயங்காலம் திரும்பும்போது தனிப்பிறவி. எங்கள் ஆய்வகத்தில் தவளை, ஓணான், கண்ணாடி விரியன் எல்லாம் ஜாடிக்குள் ஃபார்மலினில் மிதந்துகொண்டிருக்கும். ஃபார்மலின் என்றால் வேறொன்றுமில்லை, ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தது. செத்த உடம்பைக் கெடாமல் வைத்திருக்கும். ஜாடியைத் திறந்தால் மூக்குக்குள் ஊசி குத்தும், கண்ணில் நீர் கொட்டும். கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் துப்பட்டாவில் அந்த வாடை தங்கிவிடும். சாத்தூரில் மாறி ஏறுகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற அக்கா இரண்டு நிமிடத்தில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

“ஏத்தா, ஆஸ்பத்திரியிலயா வேலை?”

“இல்லக்கா, காலேஜு.”

“காலேஜுல என்ன, பொணமா அறுக்கீக?”

அதற்குப் பிறகு அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அந்த அக்காவின் முழங்கை வரை பட்டாசுக்குப் போடுகிற வெள்ளி மருந்து மினுங்கும், சேலையில் கந்தகம் மணக்கும். அதெல்லாம் எங்கள் பக்கத்தில் வாடைக் கணக்கிலேயே சேராது. என்னுடையதுதான் வாடை. கூட்டமான பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நான் ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து வருவேன். எம்.எஸ்ஸி. படித்ததில் எனக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான்.

ஆனாலும் ஆய்வகத்தில் தினமும் முனகிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் மேடத்துக்குப் பொறுக்கவில்லை. “வாடை வாடைன்னு உயிரை எடுக்கிறியே, அது மூக்குக்குள்ள போன பிறகு என்ன ஆகுதுன்னு செமினார் எடு. ஜூனில் காலேஜ் திறந்ததும் உன்னுதுதான் முதல்ல” என்றார். எரிச்சலில் கொடுத்த தலைப்பு. நானும் எரிச்சலோடுதான் நூலகத்துக்குப் போனேன். நாலைந்து ஜெராக்ஸ் தாள்களைப் படித்து முடித்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

விஷயம் இதுதான். ஃபார்மால்டிஹைடு ரொம்பப் பொடியன். ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், அவ்வளவே. ஈரத்தைக் கண்டால் விடாது. நம் மூக்கின் உள்பக்கம் எப்போதும் சளி பூசி ஈரமாக இருக்கிறதா, உள்ளே வந்த வாயுவில் பெரும்பங்கு நுரையீரல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் அந்த ஈரத்திலேயே கரைந்துவிடுகிறது. சளியில் புரதங்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டதும் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததைச் சளி தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும், நாம் அறியாமல் விழுங்கிவிடுவோம். பிடியில் சிக்காதது, சளிக்கு அடியில் இருக்கிற செல்லுக்குள் நுழையும். அங்கே குளுட்டாதயோன் என்று ஒருவர் தயாராக இருக்கிறார். அவர் இதைத் தானாகவே போய்க் கட்டிக்கொள்வார். உடனே ஒரு நொதி வந்து அந்த ஜோடியை மாற்றியமைக்கும். இன்னொரு நொதி வந்து பிரித்துவைக்கும். குளுட்டாதயோன் பழையபடி வெறுங்கையோடு அடுத்த ஆளைப் பிடிக்கப் போவார். ஃபார்மால்டிஹைடு மட்டும் வேறு ஆளாகிவிட்டிருக்கும்: ஃபார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் சுரீரென்கிறதே, அதே அமிலம்தான். அதில் கொஞ்சம் கரியமில வாயுவாக மாறி மூச்சில் போய்விடும், கொஞ்சம் சிறுநீரில் போகும்.

மிச்சம்தான் என்னைக் கிறங்கடித்தது. அந்த அமிலத்தின் கார்பனை உடம்பு வீணாக்குவதில்லை. எடுத்துப் புதுச் செல்லுக்கு வேண்டிய டி.என்.ஏ. கட்டுகிற வேலைக்கு வைத்துக்கொள்கிறது. கதிரியக்க அடையாளம் போட்ட ஃபார்மால்டிஹைடை எலிகள் மூச்சில் இழுக்க வைத்துப் பார்த்தவர்கள், எலி மூக்கின் டி.என்.ஏ.வில் அந்த அடையாளத்தைக் கண்டு குழம்பியிருக்கிறார்கள். வந்த வாயு டி.என்.ஏ.வில் நேராகப் போய் ஒட்டிக்கொண்டதா, அல்லது உடைந்து செங்கல்லாகி டி.என்.ஏ.வுக்குள்ளேயே கட்டப்பட்டதா? இரண்டுமே நடக்கிறது. கட்டப்பட்டது நல்லது. ஒட்டிக்கொண்டது ஆபத்து. வாயு அளவோடு வந்தால் குளுட்டாதயோன் சமாளித்துவிடும். அளவு மீறி, நாள்கணக்கில் வந்துகொண்டே இருந்தால், மிஞ்சியது டி.என்.ஏ.வையும் புரதத்தையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்த மாதிரி பிணைத்துவிடும். மூக்குச் செல்கள் செத்து உதிரும், புதிது முளைக்கும், அவசர அவசரமாக முளைக்கிற அந்த அவசரத்திலேயே கோளாறு வந்து எலிகளுக்கு மூக்கில் புற்று வந்தது.

இன்னொன்று தெரிந்தபோது நூலகத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். இந்தப் பொடியன் வெளியாளே இல்லை. நம் உடம்பே அன்றாடம் இதைக் கொஞ்சம் தயாரிக்கிறது. எல்லோருடைய ரத்தத்திலும் இருக்கிறது. பஸ்ஸில் எழுந்து நின்ற அக்காவின் ரத்தத்திலும்தான். மூக்கு வழியாக வந்தது ரத்தம் வரை போய் அந்த அளவைக் கூட்டியதாகக்கூடத் தெரியவில்லை. அத்தனையையும் மூக்கே பார்த்துக்கொள்கிறது. நான் பாத்திரம் கழுவும்போது இதைச் சொன்னேன், துணி துவைக்கும்போது சொன்னேன், கேட்க ஆள் இல்லாதபோது பக்கத்து வீட்டு ஆட்டுக்குச் சொன்னேன். ஆடு என் துப்பட்டாவை மோந்துவிட்டு நகர்ந்துகொண்டது.

இந்தக் கிறக்கத்தின் நடுவில்தான் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் எம். புதுப்பட்டி. சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். போட்டோவில் ஒரு பக்க வாயால் மட்டும் சிரித்தார். அந்த ஒரு பக்கச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று; இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவருக்கு அப்பா இல்லை. பட்டாசுக் கம்பெனி விபத்தில் போனவர். வெளியே ஓடி வந்து தப்பித்துவிட்டவர், உள்ளே இன்னும் ஆள் இருக்கிறதென்று திரும்பிப் போனார், வரவில்லை. அதனால்தான் அந்த அம்மா மகனை மருந்துப் பக்கமே விடாமல் அச்சகத்தில் சேர்த்தாராம். இதெல்லாம் தரகர் சொன்னது. கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு இதையும் சொன்னார்:

“பொண்ணு பொணத்த ஊறவைக்கிற தண்ணியில வேலை பாக்குதாம்லன்னு கேட்டாக. அந்த வாடை மூக்கு வழியா மூளைக்குப் போயிருமாம், பிறகு வயித்துப் பிள்ளைக்கும் ஆகாதாம். படிப்ப இத்தோட நிப்பாட்டினா மேக்கொண்டு பேசலாம்னாக. வேற ஒண்ணும் கேக்கல. ஒரு பீரோ மட்டும் போதும்னாக.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வருடம் பாக்கி. செமினார் பாக்கி. மருந்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்கள் என் தவளைத் தண்ணீரைக் கண்டு பயப்படுகிறார்களாம். “மூளைக்கெல்லாம் போகாது. மூக்கைத் தாண்டாது. நான் எழுதிக் குடுக்கட்டுமா?” என்று கத்தினேன். தரகர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. “வந்து பாக்கட்டும், நேர்ல பேசிக்கிடலாம்” என்றார். பிறகு போய் பீரோ வாங்கினார்.

அந்தப் பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதுவரை பீரோ கிடையாது. காரணம், பீரோ என்றால் இரும்பு. பட்டாசுக் கம்பெனியில் இரும்பு ஆகாது. இரும்பும் இரும்பும் உரசினால் பொறி வரும், பொறி வந்தால் கதை முடிந்தது. மரச் சுத்தியல், பித்தளைக் கம்பி என்றுதான் அங்கே புழங்குவார்கள். வருடக்கணக்கில் போர்மேனாக இருந்த அப்பாவுக்கு அந்தக் குணம் வீட்டிலும் வந்துவிட்டது. அம்மா இரும்புச் சட்டியில் கரண்டியால் தட்டினாலே தோள் தூக்கிப்போடும். “பீரோக் கதவு டமால்னு சாத்தும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நின்னுரும்” என்று சொல்லி, அம்மா ஆசைப்பட்டபோதெல்லாம் தட்டிக் கழித்தவர், மகளுக்கு மட்டும் இரும்பைக் கொடுப்பாரா? விருதுநகர் கடையில் போய், மரத்தூளைப் பசை போட்டு அமுக்கிச் செய்த பலகை பீரோ ஒன்றைப் பிடித்தார். ஆளுயரக் கண்ணாடி, பூப்போட்ட கதவு, சாத்தினால் சத்தமே வராது. அப்பா அதைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்துப் பூரித்துப்போனார்.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அது மினி லாரியில் வந்து இறங்கியது. தூசி படக் கூடாதென்று முன் அறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவையும் சாத்திவிட்டார். சித்திரை வெயில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அந்த அறைக்குள் ராத்திரியும் பகலும் பீரோ தனியாக வெந்துகொண்டிருந்தது. மரத்தூளை ஒட்டவைக்கிற பசையில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும். எங்கள் வீட்டு முன் அறையில் தெரியவில்லை.

மறுநாள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா, அத்தைமார், சித்திமார் என்று அறை நிரம்பியது. அப்பா கடைசி நிமிடத்தில்தான் கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு, பீரோவுக்கு எதிரே பாயை விரித்திருந்தார். எல்லோரும் கண்ணாடியில் தங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். நான் காபித் தட்டோடு போனேன். ஒரு பக்கச் சிரிப்பை நேரில் பார்த்தேன். நேரில் இன்னும் நன்றாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு ஒரு சித்தி துடைத்தார். தாய்மாமாவுக்கும் கண் கலங்கியது. பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் இப்படிக் கண்கலங்குகிறார்களே, எவ்வளவு பாசமான குடும்பம் என்று நான் நினைத்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. ஒரு வருடமாக அதற்குள்ளேயே புழங்கிய மூக்கு எனக்கு.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் வாசலைப் பார்த்து உட்காருவார்கள். வாசல் வழியில் செருப்பையோ சொம்பையோ வைக்க மாட்டார்கள். புரியாத வாடை வந்தாலோ புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டாலோ, என்ன ஏது என்று கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்கள் யாரும் அதைச் சொல்ல இன்றைக்கு இல்லை. முதலில் ஓட்டம், கேள்வி எல்லாம் பிறகு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும், தள்ளித் தள்ளி நிற்க வேண்டும், தலையை எண்ண வேண்டும், ஓடினவர் திரும்பி உள்ளே போகவே கூடாது. பட்டாசுக் கம்பெனிக்குள் இது சட்டம். கல்யாண வீடு, சினிமா தியேட்டர், ரேஷன் கடை எங்கேயும் அவர்கள் கால் அதை மறப்பதில்லை.

தாய்மாமா டம்ளரைக் கீழே வைத்தார். மூக்கை விடைத்து ஒரு இழுப்பு இழுத்தார். எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் அப்பா, வீட்டுக்காரர், பெண்ணைப் பெற்றவர், “வெளிய” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு முதல் ஆளாகத் தாவினார். அடுத்த கணம் அறையில் யாருமில்லை. சத்தமில்லாமல், இடிபடாமல், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, தண்ணீர் வடிகிற மாதிரி வடிந்துவிட்டார்கள். பட்டுச்சேலைகள் கருவேலம் புதர்களுக்கு நடுவே பறந்தன. அம்மாவும் அடுப்படிப் பின்வாசல் வழியாகப் பறந்துவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓடியிருந்தார், அது வேறு விஷயம்.

நான் மட்டும் தட்டோடு நின்றேன். டம்ளர் ஒன்று பாயில் உருண்டது, ஃபேன் சுற்றியது. பீரோக் கண்ணாடியில் பூ வைத்த ஒரு பெண் வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தாள். எதற்கு ஓடினார்கள் என்று பீரோக் கதவைத் திறந்தேன். உள்ளே அடைந்து கிடந்தது அப்படியே முகத்தில் அடித்தது. கண்ணில் நீர் பொங்கியது. மூக்குக்குள் அந்தப் பழைய ஊசி. என் தவளை ஜாடியேதான். என் படிப்பை விடச் சொன்ன அதே வாடையை, அவர்கள் கேட்ட பீரோவுக்குள் வைத்து, அப்பா சீர்வரிசையாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். எனக்கு வியாதி வந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

வெளியே தலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். “பொண்ணு எங்க” என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வாசலில் ஒரு நிழல். மாப்பிள்ளை. வேட்டியில் கருவேல முள் ஒரு கொத்து தொங்கியது, கண் சிவந்து வழிந்தது.

“வெளிய வாங்க. எதுக்கு இங்கனயே இருக்கீக?”

பீரோவைக் கையால் காட்டினேன்.

“அடிபட்டுருச்சா? ஏன் அழுறீக?”

“அழல. சிரிக்கிறேன்.”

அவர் என்னைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு மூளை வரைக்கும் போய்விட்டது போல என்று நினைத்திருப்பார். அப்போதுதான் வெளியே ஒரு குரல் கேட்டது. என் சிரிப்பை ஒரே வெட்டாக வெட்டிய குரல்.

“ஏலே, உள்ள போகாதல. வெளிய வந்தவன் திரும்பி உள்ள போகக் கூடாதுன்னு எம்புட்டுச் சொல்லி வளத்தேன். வெளிய வால.”

மகனைக் கூப்பிடுகிற குரல் மாதிரி அது இல்லை. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் வேறொருவரைக் கூப்பிட்டு, பதில் வராமல், தொண்டையிலேயே தங்கிப்போன குரல். மாப்பிள்ளை “எங்கம்மா” என்று வாசல் பக்கம் திரும்பினார். அதற்குள் அந்த அம்மாவே உள்ளே வந்துவிட்டார். போகக் கூடாதென்று கத்தியவரே வந்துவிட்டார். மகன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்து, அதே கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

நான் எழுந்து நின்றேன். “ஒண்ணுமில்ல அத்தை. பயப்படாதீக. வெடிக்கிற வாடை இல்ல இது. பீரோ வாடை” என்றேன்.

“பீரோவுக்கு ஏது வாடை?”

“மரத்தூள ஒட்டவைக்கிற பசையில இருக்கு அத்தை. வெயிலுக்கு வெளிய வந்துருச்சு. நான் காலேஜ்ல தவளைய ஊறப்போடுற தண்ணியில இருக்கே, அதே சாமான்தான்.”

அவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மகன் மறு கையால் திறந்தார். காற்று வந்தது. வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் குவிந்து, உள்ளே கால் வைக்காமல் கழுத்தை மட்டும் நீட்டினார்கள். அப்பா எல்லோருக்கும் பின்னால் நின்றார். வீட்டுக்காரனே முதலில் ஓடிய வெட்கம்.

“இது மூளைக்குப் போயிரும்ங்காகளே” என்றார் அத்தை.

ஜூனில் கல்லூரியில் எடுக்க வேண்டிய செமினாரை நான் அங்கேயே, பூவும் பட்டுமாக, கண்ணில் நீர் வழிய எடுத்தேன். நடுவில் சிரிப்பு வந்தது, கிள்ளி அடக்கிக்கொண்டேன். “மூளைக்குப் போகாது அத்தை. பட்டாசுக் கம்பெனி வாசல்ல செக்கிங் இருக்குல்ல, பீடி தீப்பெட்டி இருந்தா அங்கனயே பிடிச்சு வாங்கி வச்சுக்கிடுவாகள்ல. மூக்கு அதே வேலைய இதுக்குப் பாக்குது. உள்ள வந்ததும் ஈரத்துல கரைச்சுப் பிடிச்சுருது. அப்புறம் அதை வேற சாமானா மாத்திருது. கொஞ்சம் மூச்சுல போயிரும், கொஞ்சம் ஒண்ணுக்குல போயிரும், மிச்சத்தை ஒடம்பே எடுத்து நல்லதுக்கு வச்சுக்கிடும். ரத்தத்துக்குள்ள போயி வயித்துப் பிள்ளைய என்னமோ செய்யும்ங்கிறதுக்கெல்லாம் அங்க சரக்கே மிச்சமிருக்காது.”

“அப்ப ஒண்ணும் செய்யாதுங்கியா?”

ஒன்றும் செய்யாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே காரியம் முடிந்திருக்கும். ஆனால் எலிகள் ஞாபகத்துக்கு வந்தன. “அளவா இருந்தா மூக்கு பாத்துக்கிடும் அத்தை. நித்தமும் அளவுக்கு மீறி இழுத்தா மூக்கே கெட்டுப்போகும். அதனால ஜன்னலத் தொறந்து வச்சுக்கிடணும்” என்றேன்.

அப்பா பின்னாலிருந்து, “எம்மா, இதத் திருப்பிக் குடுத்துருவோம். வேற இரும்பு பீரோவே வாங்கிருவோம்” என்றார். இரும்பு என்று சொல்லும்போதே அவர் குரல் நடுங்கியது.

அத்தை மகன் கையை அப்போதுதான் விட்டார். பீரோவைச் சுற்றி வந்தார். கதவைச் சாத்திப் பார்த்தார். சத்தமே வரவில்லை. இன்னொரு தடவை சாத்தினார். கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, ஓட்டத்தில் கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டார். அவரும் அந்தப் பக்கத்து ஆள்தானே, சத்தம் போடாத கதவின் அருமை அவருக்குத் தெரியாதா?

“இந்த வாடை போயிருமா?”

“கொஞ்சம் கொஞ்சமாப் போயிரும் அத்தை. கதவத் தொறந்து காத்தாட வைக்கணும்.”

“சரி. பீரோவத் தொறந்து வைங்க.” என்னைப் பார்த்தார். “நீயும் உங்க காலேஜ்ல ஜன்னலத் தொறந்து வச்சுப் படி. படிப்ப முடிச்சுட்டே வா.”

வாசலில் நின்ற கூட்டம் ஒரே நேரத்தில் உள்ளே வந்துவிட்டது. அம்மா புதிதாகக் காபி போட்டார். மாப்பிள்ளை வேட்டியிலிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே ஒரு பக்கமாகச் சிரித்தார். நான் இந்தத் தடவை அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

ஜூனில் செமினார் அன்று அத்தை கல்லூரிக்கே வந்துவிட்டார். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றார். மேடத்துக்குப் புரியவில்லை, மாமியாராகப் போகிறவர் என்று சொன்னதும் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். அத்தை செருப்பை வெளியே ஓரமாக விட்டுவிட்டு, கதவுக்குப் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொண்டார். புரஜெக்டரில் படம் தெரிவதற்காக ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். நான் மூக்கின் குறுக்குவெட்டுப் படத்தை வைத்துப் பேச ஆரம்பிக்கவும், அத்தை எழுந்து போய் ஒரு ஜன்னலைத் திறந்தார். பிறகு இன்னொன்றை. திரையில் மூக்கு வெளுத்து மறைந்தே போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்புக்கும் வந்தது, மேடத்துக்கும் வந்தது. படமில்லாமல் கரும்பலகையில் வரைந்தே மொத்தத்தையும் சொல்லி முடித்தேன். அவ்வளவு நன்றாக அதற்குப் பிறகு நான் எதையும் பேசியதில்லை.

திரும்பும்போது சாத்தூர் வரை ஒரே பஸ். இரண்டு பேர் சீட்டு. என் பக்கத்தில் அத்தை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“மூக்குக்குள்ள இருக்கிற அந்தச் செல்லுங்கியே. உள்ள விடாம அதுவே பிடிச்சு வாங்கிக்கிடுதுன்னியே. அதுக்கு என்ன ஆகும்?”

“ரொம்ப வாங்கிட்டா செத்து உதிந்துரும் அத்தை.”

“பிறகு?”

“அந்த இடத்துல புதுசா ஒண்ணு மொளச்சு வந்துரும்.”

“அதே மாதிரியா?”

“அவசரப்படாம மொளச்சா அச்சு அசலா அதே மாதிரி.”

அத்தை தலையை ஆட்டினார். பஸ் ஒரு கம்பெனி வேனுக்கு வழிவிட்டு நின்றது. வேனுக்குள் வேலை முடிந்து திரும்புகிற பெண்கள், கையெல்லாம் வெள்ளி மின்ன, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போனது அதே மாதிரி திரும்பி வருதுல்ல. மூக்கு குடுத்து வச்சது” என்றார்.